நான் வெட்டி எடுத்த பத்தி

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் சொல்லி அழைக்காமல் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன்.

இன்று காலை அலுவலகத்தில் ஒருவர் வீட்டுப் பத்திரங்களின் நகல் கட்டு ஒன்றை என் மேஜையில் வைத்தார். செவ்வாய்ப்பேட்டையில் ஜெராக்ஸ் எடுத்து, கையோடு வண்டியை விரட்டிக்கொண்டு அஸ்தம்பட்டிக்கு வந்திருக்கிறார். தாள்களில் இன்னும் சூடு மிச்சமிருந்தது. இயந்திரத்திலிருந்து வெளியே வந்த தாளுக்கென்று ஒரு வாசனை உண்டே, லேசாகக் கருகின மாதிரி, அது மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. கட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் முதுகிலும் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு எண். உங்கள் கையெழுத்து இல்லை, உங்கள் மனைவியுடையது. "அக்கா கடையிலதாங்க எடுத்தேன். ரெண்டு தடவை எண்ணிக் குடுத்தாங்க" என்றார் வந்தவர். சரிங்க, உட்காருங்க என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவன் நான். என் மனைவி கேலி செய்வாள், உங்களுக்குத் தெரியும்: "ஆபீஸ்ல வாயைத் திறக்க மாட்டாரு, எல்லாத்தையும் அந்த வலைப்பூவுல கொண்டு போய்க் கொட்டுவாரு." கொட்டாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

உங்கள் ஜெராக்ஸ் கடைக்கு நான் முதலில் வந்தபோது உங்களோடு சண்டை போட்டேன். வீட்டுக் கடன் வேலையில் இருக்கிறவனுக்கு எப்போதும் அவசரம். மாதக் கடைசி, நாலு கோப்பு முடித்தாக வேண்டும், ஒரு வாடிக்கையாளரின் மூலப் பத்திரத்துக்கு நகல் வேண்டும். நீங்களோ ஒவ்வொரு தாளாக எடுத்து, மடிப்பை விரல் நுனியால் நீவி, கண்ணாடி மேல் வைத்து, மூடியை அழுத்தாமல் இறக்கிக்கொண்டிருந்தீர்கள். கட்டாகப் போட்டு இழுக்கும் வசதி அந்த இயந்திரத்தில் இருந்தது. அதை உபயோகிக்க உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டே விட்டேன்.

"இது அவங்க தாத்தன் காலத்துப் பத்திரமுங்க சார். நம்ம அவசரம் இதுக்குத் தெரியாதுங்க."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னீர்கள். முடித்ததும் அசல் தாள்களை என்னிடம் தரவில்லை. என்னோடு வந்து வாசலில் நின்றிருந்த பத்திரத்துச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் எண்ணி, அவர் கையில் கொடுத்தீர்கள். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த வாரம் வேறொரு கடையில் ஒரு பத்திரம் இயந்திரத்துக்குள் சிக்கிக் கிழிந்த பிறகு, நான் வேறு கடைக்குப் போகவே இல்லை. அது பன்னிரண்டு வருடக் கதை.

நாம் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது. நீங்கள் என்னை சார் என்பீர்கள், நான் உங்களைப் பெயரோடு 'ங்க' சேர்த்துக் கூப்பிடுவேன். அதற்கு மேல் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. நான் மனை பார்க்கப் போன இடங்களின் கதையை நின்றுகொண்டே உங்களிடம் சொல்லுவேன். சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி டிரைவர், லாரி திரும்புவதற்கு இடம் விட்டுவிட்டு மீதியிருந்த துண்டில் வீடு கட்டியிருந்தாரே, அதைச் சொன்ன அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகையே கோணலாக அச்சாகிவிட்டது. "இதையெல்லாம் எழுதுங்க சார். நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாரேன்" என்றீர்கள். வலைப்பூவுக்கு 'செக்குபந்தி' என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். பத்திரத்தில் மனையின் நாலு எல்லையையும் சொல்லுகிற பகுதிக்கு அதுதானே பெயர். எனக்குப் புனைபெயர் ஒன்று வைத்துக்கொண்டேன், மேலாளருக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்கிற பயத்தில்.

நான் எழுதி அனுப்புவேன், நீங்கள் பிழை பார்த்து ஏற்றுவீர்கள். பிழை மட்டுமா பார்த்தீர்கள்? "இந்த இடத்துல அந்தம்மாவைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்குதுங்க. அவங்க படிச்சா மனசு கஷ்டப்படுமுங்க" என்று நிறுத்துவீர்கள். நான் முறுக்கிக்கொள்வேன். பிறகு மாற்றுவேன். இருநூறு பதிவுக்கு மேல் எழுதியிருக்கிறேன், உங்கள் கண் படாமல் வெளியே போனது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

நாமகிரிப்பேட்டையில் உங்கள் பங்குக்கு வந்த மனையில் வீடு கட்டப் போவதாகச் சொன்னீர்கள். சேலத்தில் வாடகை வீடு போதும் போதும் என்று ஆகிவிட்டது, பஸ்ஸில் போய் வந்தாலும் பரவாயில்லை, சொந்தக் கூரை வேண்டும் என்றீர்கள். கடன் எங்கள் நிறுவனத்தில், கோப்பு என் கையில். மனை பார்க்க வந்தபோது உங்கள் மனைவி எந்த மூலையில் சமையலறை என்று காலால் கோடு இழுத்துக் காட்டினார்கள். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷனைப் போல நின்றேன். என் வேலையில் ஆகப் பிடித்த நாள் எதுவென்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன்.

கடன் கொடுக்கும்போது அதோடு ஒரு இன்சூரன்ஸையும் ஒட்டிக் கொடுப்போம். கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனை அது அடைத்துவிடும். அதற்கு மொத்தமாக ஒரு தொகையைக் கடனிலேயே சேர்த்துவிடுவோம், அதற்கும் வட்டி ஓடும். மாதத்துக்கு இத்தனை பேருக்கு ஒட்ட வேண்டும் என்று எனக்கு மேலிடத்துக் கட்டளை. எல்லாருக்கும் ஒட்டினேன், உங்களுக்கும் ஒட்டினேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருதயம், அறுவை சிகிச்சை என்று நாலைந்து கேள்விகள் இருந்தன. சர்க்கரை பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. பாலிசி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, பிடிக்கவில்லை என்றால் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

பகலெல்லாம் ஒட்டுவது எனக்கே கசந்து போயிற்று. ஒரு நாள் ஆத்திரத்தோடு உட்கார்ந்து எழுதினேன். 'ஒட்டிக் கொடுப்பதை உதறிவிடுங்கள்' என்று தலைப்பு. இந்தப் பாலிசி எவ்வளவு செலவு, இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது, இதே காசில் தனியாக இதைவிடப் பெரிய பாலிசி எப்படி எடுப்பது, எல்லாம் விளக்கமாக. அத்தனையும் உண்மை. இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு பொய்யைக் காட்ட முடியாது. கடைசிக்கு முந்தைய பத்தியாக இப்படி எழுதியிருந்தேன்:

'ஆனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் அவசரப்படக் கூடாது. தனியாக எடுக்கும் பாலிசிக்குப் பரிசோதனை உண்டு. உங்களுக்குத் தர முடியாது என்று மறுத்துவிடவும் கூடும். அது கைக்கு வந்து சேர்ந்த பிறகு இதைத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை இது இருக்கட்டும்.'

படித்துப் பார்த்தேன். நன்றாகச் சூடு பிடித்து ஓடிய பதிவு அந்த இடத்தில் வந்து நொண்டியது. ஊரைத் தட்டி எழுப்புகிற மாதிரி எழுதிவிட்டுக் கடைசியில் ஆனால், ஆவன்னா என்று இழுத்தால் எவன் படிப்பான் என்று தோன்றிற்று. பத்தியை வெட்டினேன். நீங்கள் இருந்திருந்தால் வெட்ட விட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்கு உங்கள் மனையில் பூமி பூஜை, கடைக்கு விடுமுறை. மறுநாள் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே ஏற்றினேன்.

அந்தப் பதிவு ஓடிய ஓட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். யார் யாரோ வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். எங்கள் அலுவலகத்துக் குழுவுக்கே அது வந்து, யார் இந்தக் கடங்காரன் என்று மேலாளர் என்னிடமே கேட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் கழித்து உங்கள் கடைக்கு எதிரில் டீ குடித்தோம். நீங்கள் வழக்கம்போல டீ மாஸ்டரிடம் "கலக்காம அப்படியே குடுங்க" என்றீர்கள். சர்க்கரை அடியிலேயே கிடக்கும், நீங்கள் மேலாகக் குடித்துவிட்டுக் கால் கிளாஸை மிச்சம் வைப்பீர்கள். காசு கொடுத்து வாங்கின சர்க்கரையை எறும்புக்கு விடுகிறீர்களே என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கும் செய்தேன்.

"பதிவு நல்லா வந்திருக்குதுங்க சார்" என்றீர்கள். "ஒரு சந்தேகமுங்க. இந்தச் சர்க்கரை கிர்க்கரை இருக்கறவங்களுக்கெல்லாம் தனி பாலிசி குடுப்பாங்களாங்க?"

"குடுப்பாங்க, குடுப்பாங்க. கொஞ்சம் கூடக் கட்டணும். அவ்வளவுதான்."

"எல்லாருக்குமுங்களா?"

"பெரும்பாலும் குடுத்துருவாங்க. இதைப் பாருங்க, ஹைதராபாத்துல இருந்தெல்லாம் கமெண்ட் போட்டிருக்காங்க."

கைபேசியை உங்கள் பக்கம் நீட்டினேன். நீங்கள் அதை வாங்கவில்லை, கிளாஸையே கையில் வைத்திருந்தீர்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து கமெண்டுகளைப் படித்தீர்கள். படித்து, "பேரு வாங்கிட்டீங்க சார்" என்று சிரித்தீர்கள். அந்தக் காட்சியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மனை பார்க்கப் போனால் சுவரில் ஓதம் ஏறிய கறையை ஒரு வீடு தள்ளி நின்றே கண்டுபிடிக்கிறவன் நான். வருமானத்தை மறைத்தால் பேச்சிலேயே பிடித்துவிடுவேன் என்று அலுவலகத்தில் பெயர். நீங்கள் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அடுத்த வாரம் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் கடிதத்தை நீங்களே அழகாகத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்தீர்கள். "உங்க பதிவைப் பாத்துத்தானுங்க" என்றீர்கள். நான் உங்கள் முதுகில் தட்டினேன். கொஞ்சம் கடன் குறைந்தது, சுற்றுச்சுவருக்கு ஆயிற்று என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். அதோடு விட்டேனா? 'என் எழுத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி' என்று ஒரு குட்டிப் பதிவு போட்டேன். நண்பர் ஒருவர் திருப்பிக் கொடுத்த கதை. அதையும் நீங்கள்தான் பிழை திருத்தி ஏற்றினீர்கள். ஒரே ஒரு ஒற்று மட்டும் சேர்த்தீர்கள்.

தனியாக எடுத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். "எழுதிக் குடுத்திருக்கனுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வீடு எழும்பியது. புதுமனை புகுவிழாவுக்கு நான் குடும்பத்தோடு வந்தேன். உங்கள் பெண் பந்தியில் எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினாள். உங்கள் இலையில் பாயசம் இல்லை. அதையும் பார்த்தேன், ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை மதியம் கடையில், இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்தபடியே சாய்ந்துவிட்டீர்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். உங்கள் மனைவி என்னைப் பார்த்ததும் "அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. கடன் என்ன ஆகும் என்று என் தொழில்புத்தி அந்த நேரத்திலும் கேட்டுவிட்டது. பாலிசி இல்லை என்று அதுவே பதிலும் சொன்னது. தனியாக எடுத்திருப்பார், எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாரே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து நாமகிரிப்பேட்டைக்கு வந்தேன். உங்கள் மனைவி காகிதங்கள் இருந்த துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். "என்ன இருக்குதுன்னு பாருங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சமையலறை வாசலில் நின்றார்கள். முதல் காகிதமே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். பரிசோதனையில் சர்க்கரை மிக அதிகமாக இருப்பதால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. கூடவே ரத்தப் பரிசோதனை அறிக்கை. தேதியைப் பார்த்தேன். நீங்கள் எங்கள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்து ஆறு வாரம் கழித்து வந்த கடிதம் அது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தினமும் என்னோடு நின்று டீ குடித்திருக்கிறீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கடிதத்தை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தேன். மற்ற காகிதங்களைப் புரட்டினேன். "இன்சூரன்ஸ் ஒன்னும் இல்லீங்க போல, நான் ஆபீஸ்ல பேசித் தவணையைக் கொஞ்சம் குறைச்சு, வருஷத்தைக் கூட்டித் தரச் சொல்றேன்" என்றேன். பையை மூடித் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். எட்டு வருடங்களாக உண்மையை எழுதுகிறேன் என்று மார்தட்டிக்கொண்ட மனுஷன் செய்த காரியம் இது.

தவணையைக் குறைத்துக் கொடுத்தது வாஸ்தவம்தான். அது என் கையில் இருந்ததால் செய்தேன். உங்கள் மனைவி கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். காலையில் ராசிபுரம் வழியாக வருகிற பஸ்ஸில் வந்து, இருட்டுகிற நேரத்தில் திரும்புகிறார்கள். நான் கடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். வாடிக்கையாளரை மட்டும் அனுப்பினேன். பதிவை அழித்துவிடலாம் என்று ஒரு நாள் எடுத்தேன், மறுநாள் திரும்பப் போட்டேன். வெட்டின பத்தியை யாருக்கும் சொல்லாமல் உள்ளே செருகினேன். பழைய பதிவை யார் வந்து மறுபடி படிக்கப் போகிறார்கள்? புதிதாக ஒன்றும் எழுத வரவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று வாசகர்கள் கேட்டார்கள். வேலைப் பளு என்று பதில் போட்டேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். மறுத்துவிட்டார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலிடத்தில் காலில் விழுந்தாவது பழைய பாலிசியை மறுபடி ஒட்டப் பார்த்திருப்பேன். இருநூறு பதிவில் பிழை சொன்ன மனுஷனுக்கு இந்தப் பிழையைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? என் முகம் வாடக்கூடாது என்று நினைத்தீர்களா? என் முகம் என்ன அவ்வளவு பெரிய சொத்தா?

போன ஞாயிற்றுக்கிழமை இனிமேல் தாங்காது என்று கிளம்பி நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். மஞ்சள் வேகவைக்கிற பருவம், ஊருக்குள் நுழையும்போதே அந்த மண் வாடை. உங்கள் மனைவி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். பெண் காலேஜ் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "சாமி, மாமாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, கடைக்குப் போயிப் பால் வாங்கிட்டு வா" என்று அவளை வெளியே அனுப்பினார்கள். நான் வந்த காரணம் என் முகத்திலேயே எழுதியிருந்தது போல.

எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டின பத்தியைச் சொன்னேன். டீக்கடையில் நீங்கள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கடிதத்தை அடியில் வைத்ததையும் சொன்னேன். அவர்கள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்கண்ணா" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"அவரு அன்னைக்கே சொன்னாருங்க. சார் எழுதியிருக்காரு, திருப்பிக் குடுத்தரலாம்னு. முடியாதுன்னு லெட்டர் வந்தப்பவும் சொன்னாருங்க. சாருகிட்ட மூச்சு விட்றாத, அவரு எழுதறதையே நிறுத்திப் போடுவாருன்னு." ஒரு காம்பை எடுத்து ஓரமாகப் போட்டார்கள். "அந்தப் பையைக் குடுத்தனே, அந்த லெட்டரை நாந்தானுங்க மேல வெச்சேன். நீங்க படிப்பீங்க, படிச்சுட்டு எதாச்சும் சொல்லுவீங்கன்னு. நீங்க எடுத்து அடியில வெச்சீங்க. பாத்துட்டுத்தானுங்க நின்னேன். எட்டு மாசமா, இந்த ஞாயித்துக்கிழமை வருவாரு, அடுத்த ஞாயித்துக்கிழமை வருவாருன்னு இருக்கறனுங்க."

தவணையை இனிமேல் நான் கட்டுகிறேன், முழுதாக முடியாவிட்டாலும் பாதியாவது, என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"வேண்டாமுங்க. நீங்க கட்டுனீங்கன்னா அவரு அடுத்தவங்க பேச்சக் கேட்டு ஏமாந்து போனவருன்னு ஆயிருமுங்க. அவரு ஏமாந்தவரு இல்லீங்க. அவராத்தான் முடிவு பண்ணுனாரு. ஊடு என்ரதுங்கண்ணா. நான் கட்டிக்கறேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்கள்.

"ஆனா ஒன்னுங்கண்ணா. டீக்கடைல உங்ககிட்டக் கேட்டதையும் ஊட்ல வந்து சொன்னாருங்க. கேட்டேன், குடுப்பாங்கன்னு சார் சொல்லீட்டாருன்னு. யாருக்காவ கேக்கறீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு. சொல்லோணும்னுதானுங்க அந்தப் பேச்சையே எடுத்தாரு. தானா வாயத் தொறந்து சொல்ல அவருக்கு வராதுங்க."

பெண் பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். டீ போட்டுக் கொடுத்தார்கள். கிளம்பும்போது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எட்டு மாதம் பொறுத்த மனுஷியிடம் அதைக் கேட்க எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. ஆனால் எழுதாமலிருந்தால் அந்தக் கடிதத்தை மறுபடி அடியில் வைத்த மாதிரிதான் என்று பட்டது. பெண் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும் என்று பொறுத்தார்கள்.

"பேரு போடாம எழுதுங்க. கடைப் பேரும் வேண்டாமுங்க. பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்கறம். அப்பனுக்கு இருந்துச்சுன்னா புள்ளைக்கும் வருமான்னு கேப்பாங்க. அதுக்காவத்தான் அவரும் வெளிய சொல்லாம வெச்சிருந்தாரு."

உங்கள் பெயர் இந்த மடலில் இல்லாததற்குக் காரணம் இதுதான். ஊர்ப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்தப் பதிவைத் திறந்து, வெட்டின பத்தியை எடுத்துத் தலைப்புக்குக் கீழே, முதலில், கொட்டை எழுத்தில் வைத்தேன். 'இதை முதலில் எழுதி, வாசிக்கச் சுவையாக இருக்காது என்று நானே நீக்கினேன். அதனால் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தது' என்று சேர்த்தேன். பிழை பார்க்க ஆள் இல்லை. ஒற்று எங்கெங்கே விட்டிருக்கிறேனோ.

நேற்று ஒருவர் கடன் விஷயமாக வந்தார். காகிதத்தையெல்லாம் கொடுத்து முடித்து, எழுந்துகொள்ளப் போகிறவர் மாதிரி இருந்துகொண்டு, "சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், பிரஷர் இருக்கறவங்களுக்கு இதுல ஏதாச்சும் சிக்கல் வருமுங்களா?" என்றார். என் கையில் பேனா இருந்தது. கீழே வைத்தேன். யாருக்காகக் கேக்கறீங்க என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே அவர் மனைவி நின்றிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத்தாங்க" என்றார். உட்கார வைத்து, எதை விடக்கூடாது, எதை எப்போது எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கு அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

யாருக்காகக் கேக்கறீங்க. இரண்டே வார்த்தை. இனி நான் இந்த வேலையில் இருக்கிற வரைக்கும் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் முழுதாக இருந்தது.